மொட்டை ஜீப்பின் நாலு ஷட்டர்கள்

போன மாதம் கொழும்பிலிருந்து என் பெறாமகன் கைப்பேசியில் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தான். ஜீப் வாங்கப் போகிறானாம். ஒரே ஜீப், ஒரே எஞ்சின், ஆனால் மூன்று தரம். எந்தத் தரத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சரியும் பிழையும் போட்டு முழ நீளத்துக்கு ஒரு பட்டியல். “சித்தப்பா, நீங்கள் இந்த வேலையிலேயே கிடந்த ஆள். எதை எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ” என்று கீழே எழுதியிருந்தான்.

மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போனேன். தோல் இருக்கை, நாலு சில்லும் அலுமினியம், கூரையில் திறக்கிற கண்ணாடி. பவர் ஷட்டர் என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். வாகனத்தின் யன்னல் கண்ணாடியை இங்கே எல்லோரும் ஷட்டர் என்றுதான் சொல்வோம். இப்போது எல்லாத் தரத்திலும் அது சுவிட்சை அழுத்தினால் தானாக இறங்குகிறது. மூன்று கட்டங்களிலும் சரி போட்டிருந்தது. அவன் அந்த வரியை ஒரு தரம்கூடப் பார்த்திருக்க மாட்டான். நானோ அந்த ஒரு வரி வேண்டாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவன். அதனால் ஒரு மனிதருக்கு ஒரு கால் ஏலாமல் போனது.

“உனக்குப் பிடிச்சதை எடு மகன்” என்று பதில் போட்டேன். அவனுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. மனதுக்குள் கிடந்து புழுங்குவதை எழுதியாவது தீர்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பதினெட்டு வயதில் பஸ் டிப்போ ஒன்றின் பட்டறையில் கிறீஸ் பூசத் தொடங்கியவன். பிறகு திருகோணமலைத் துறைமுகத்தில் சாமான் இழுக்கும் லொறிகள். நடுவில் ஒரு வருடம் புல்மோட்டையில் மணல் லொறிகள். அந்த மணல் எங்கே புகும், எதைத் தின்னும் என்பதை அந்த ஒரு வருடத்தில் படித்துக்கொண்டேன். இத்தனைக்கும் பிறகு என் தலைக்குள் ஒரே ஒரு கொள்கைதான் மிஞ்சியது. வாகனத்தில் இல்லாத சாமான் பழுதாகாது. இதை நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அதுவே என் வாய்க்கொழுப்புக்குக் காரணமாயிற்று.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வாகனப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். உள்துறைமுகம் தெரியும் ஒரு பழைய வீடுதான் அலுவலகம். பின்வளவில் வாகனங்கள், ஒரு பக்கமாகப் பட்டறை. என் மனைவியும் மகளும் அதற்கு முந்தின வருடம் கனடாவுக்குப் போய்விட்டார்கள். பின்னால் வருகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பின்னால் என்பது நீண்டுகொண்டே போனது. நான் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டாலும் வளவுக்கு வந்து கழுவிய ஜீப்பையே திரும்பவும் கழுவுவேன். காவலாளி என்னைப் பார்த்து இரக்கப்படத் தொடங்கியதும் அதையும் விட்டேன்.

அலுவலக அட்டை ஒன்று தந்திருந்தார்கள். என் படம் ஒட்டி, முத்திரை குத்தியது. தனியே குடியிருக்கும் தமிழ் ஆம்பிளைக்கு அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காப்பு என்பதை இப்போது சொன்னால் விளங்காது. இராணுவம் சுற்றிவளைத்தால் அந்த அட்டையை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதில்லாதவர்கள் வெயிலில் குந்தியிருப்பார்கள். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

அலுவலகத்தின் தலைமை தெரேசா மிஸ். ஐம்பது தாண்டியவர், கலியாணம் செய்யாதவர், குரல் உயர்த்தத் தெரியாதவர். அவரிடம் ஓர் அறிக்கை கொண்டுபோனால் வாங்க மாட்டார். “இருங்கோ. நீங்களே வாசியுங்கோ” என்பார். நாங்கள் எழுதியதை எங்கள் வாயாலேயே சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசித்துக்கொண்டு போகும்போது நமக்கே ஓர் இடத்தில் நாக்குத் தடுக்கும். மிஸ் ஒன்றும் சொல்ல மாட்டார். நாமே திரும்பக் கொண்டுபோய்த் திருத்தி எழுதுவோம். ஒருவரைப் பற்றி எழுதினால் அந்த ஆளுக்கு முன்னாலேயே வாசித்து, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

ஓட்டுநர்களில் மூத்தவர் லத்தீப் நானா. கிண்ணியா ஆள். நானா என்றால் அங்கத்தைய முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன் முறை. என்னைவிட எட்டு வயது கூட. முப்பது வருடம் லொறி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். அவருக்கு ஓட்டம் இல்லாத நாட்களில் நாங்கள் இருவரும் பழைய ஜீப்பின் பின்படியில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவோம். அவர் வீட்டிலிருந்து வந்த மீன் பொரியலில் பாதி என் கோப்பைக்கு வரும். கடைச் சோற்றை நான் திறந்ததும், “இதச் சமைச்சவனுக்கு உங்களோட என்ன கோவம் தம்பி?” என்று கேட்பார். ஒரு நாள் முழுக்க என்னோடு பெயருக்காவது சிரித்துப் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான். அவர் ஓட்டத்துக்குப் போன நாட்களில் எனக்கு வாய் திறக்க வேலை இருக்காது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புது ஜீப் கிடைக்கப்போகிறது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எந்தத் தரம் வேண்டும் என்று நாங்களே எழுதலாம். கூடவே வழுவழுத்த தாளில் படங்கள் போட்ட புத்தகம் ஒன்று. அந்தப் புத்தகத்தை ஒரு கிழமை நான் கீழே வைக்கவில்லை.

மூன்று தரத்துக்கும் பட்டறையில் நாங்கள் பெயர் வைத்தோம். எல்லாம் குறைந்தது மொட்டை. இறப்பர் விரிப்பு, றெக்சின் இருக்கை, இரும்புச் சில்லு, கையால் சுற்றும் ஷட்டர், குளிரூட்டி இல்லை. எல்லாம் கூடியது மாப்பிள்ளை. அதற்குள் கால் வைக்கச் செருப்பைக் கழற்ற வேண்டும்போல இருக்கும். நடுவில் நின்றது தோழன். மொட்டையில் இருப்பதெல்லாம் அதிலும் உண்டு. குளிரூட்டியும் பவர் ஷட்டரும் மட்டும் கூட. மாப்பிள்ளையை முதல் நாளே தள்ளிவிட்டேன். அந்தக் கம்பளத்தில் வெருகல் பக்கத்துச் சேறு ஒரு தரம் பட்டால் போதும், பிறகு கழுவி எடுக்க ஏலாது. அலுமினியச் சில்லு குழியில் விழுந்து வெடித்தால் ஒட்ட முடியாது. இரும்பென்றால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். இதெல்லாம் சரியான காரணங்கள். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மிஞ்சியது மொட்டையா, தோழனா என்ற கேள்வி.

“டிரைவர்மாரையும் கேளுங்கோ” என்று மிஸ் சொல்லியிருந்தார். சாப்பாட்டு நேரம் நானாவிடம் புத்தகத்தை நீட்டினேன். எண்ணெய்க் கை என்று வாங்கவில்லை.

“எஞ்சின் நல்லதா இருந்தாச் சரி தம்பி” என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். “கேக்குறதா இருந்தா ஒண்டு கேக்கலாம். சுவிச்சால ஷட்டர் இறங்குற ஜீப்ப எடுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானாவுக்கு இந்த வயசில மாப்பிள்ளைச் சொகுசு தேடுதோ?”

அவரும் சிரித்தார். “சொகுசுக்கில்ல தம்பி. இந்தத் தனியப் போற நேரம்...”

நான் விட்டேனா? இடையில் விழுந்து பேசத் தொடங்கிவிட்டேன். “அந்த மோட்டர் கதவுக்குள்ள இருக்கு நானா. பாதையில ஏத்தி இறக்கேக்க நாலு தரம் உப்புத்தண்ணி அடிச்சா முடிஞ்சுது. மேலயே இறுகி நிண்டா என்ன செய்வீங்கள்? சாமான் கொழும்பில இருந்து வர மூண்டு மாசம்.” பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தை ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும் மிதவையை. கிண்ணியாவில் தொடங்கி மூதூர் போய்ச் சேருவதற்குள் அப்படி நாலு பாதைகள் ஏறி இறங்க வேண்டும்.

நான் பேசி முடியும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். “சரி, நீங்க விசயம் தெரிஞ்ச ஆள். பாத்து எடுங்க” என்றார். தொடங்கிய பேச்சை அவர் முடிக்கவில்லை. முடியுங்கோ என்று நானும் சொல்லவில்லை.

மொட்டைதான் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி மிஸ்ஸிடம் வாசித்தேன். ஓரிடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை. மிஸ் யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“டிரைவர்மாரைக் கேட்டனீங்களோ?”

“ஓம் மிஸ், கேட்டனான்.”

“என்ன சொன்னவை?”

“எஞ்சின் நல்லதா இருந்தாச் சரியாம்.”

மொட்டை வந்தது. அடுத்த மழையில் வேறோர் அலுவலகத்தின் ஆடம்பர ஜீப் ஒன்று கிண்ணியாப் பாதையில் ஷட்டர் பாதியில் இறுகி, உள்ளே இருந்த துரைமார் நனைந்த கோழிபோல இறங்கினார்கள். அந்தக் கதையை ஒரு கிழமை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். நானாவும் கூடச் சிரித்தார். என் கெட்டித்தனத்தில் எனக்கு அவ்வளவு பூரிப்பு.

இந்த இடத்தில் இராணுவக் காவலரண் நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜீப்பிலும் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தோம். வேகத்தைக் குறை. தொப்பியைக் கழற்று. காவல்காரரின் கண்ணில் படும்போதே நாலு ஷட்டரும் கீழே இறங்கியிருக்க வேண்டும். அவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், தடைக் கோட்டுக்கு முன்னால், எக்காரணம் கொண்டும் இடையில் நிறுத்தாதே, இறங்காதே. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத வாகனத்துக்கும், இடைவழியில் நிற்கிற வாகனத்துக்கும் அந்த நாளில் பதில் துவக்குத்தான் சொல்லும். அந்தத் தாளை எழுதி ஒட்டியது நான்.

ஒரு ஜீப்பில் இருவர் போக வேண்டும் என்பதும் விதி. ஆனால் வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் கழன்று போனார்கள். மருந்தும் பால்மாவும் ஏற்றிப் போகும் ஓட்டங்களுக்கு ஓட்டுநரை மட்டும் அனுப்பத் தொடங்கினோம். பயணச் சீட்டில் உடன் செல்பவர் என்ற கட்டத்தில் நான் ஒரு கோடு இழுத்துவிடுவேன். எத்தனை கோடு இழுத்தேனோ தெரியாது. வலப்பக்க முன்சீட்டில் தனியே இருப்பவன் மற்ற மூன்று ஷட்டரையும் எப்படி இறக்குவான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் ஜீப்பில் போன நாட்களில் என் பக்கத்து ஷட்டரை நானே இறக்கினேன், பின்னால் எட்டி மற்றதையும் நானே இறக்கினேன். யாரோ ஒருவர் இறக்குகிறார் என்ற அளவில் எனக்கு அந்த விஷயம் முடிந்திருந்தது.

மாரி மழை கொட்டிய ஒரு காலையில் லத்தீப் நானா இலங்கைத்துறைக்கு மருந்துப் பெட்டிகளோடு புறப்பட்டார். பதினொரு மணிபோல றேடியோவில் செய்தி வந்தது. மூதூர் தாண்டிக் கட்டைபறிச்சானுக்கும் அப்பால் ஒரு காவலரணுக்குக் கிட்ட எங்கள் வாகனத்தைச் சுட்டுவிட்டார்கள், ஓட்டுநருக்குத் தொடையில் காயம். மூதூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, அவரைப் படகில் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் எலும்பு நொறுங்கிவிட்டது, இனி வாகனம் ஓட்ட மாட்டார் என்றார்கள்.

மூன்றாம் நாள் குணம் என்ற இன்னோர் ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பை எடுக்கப் போனேன். மழை விட்டிருந்தது. ஜீப் தெருவோரம் நின்றது. இடப்பக்கப் பின்கதவு திறந்தபடி. கதவில் ஓர் ஓட்டை. முன் ஷட்டர்கள் இரண்டும் முழுக்க இறங்கியிருந்தன. திறந்திருந்த கதவின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வலப்பக்கப் பின் ஷட்டர் மேலேயே நின்றது. நான் அந்தக் கதவின் கைபிடியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய்போலச் சுற்றியது. முந்தின கிழமைதான் அதற்கு நான் கிறீஸ் பூசியிருந்தேன்.

“நானா எப்பவும் இந்த வளைவுக்கு இங்கால நிப்பாட்டிப்போட்டு, இறங்கிச் சுத்தி வந்து எல்லா ஷட்டரையும் இறக்கிறவர் அண்ணை” என்றான் குணம். “நாங்களும் அப்பிடித்தான். தனியப் போனா வேற என்ன செய்யிறது?”

“இறக்கிவிட்டுக்கொண்டே வெளிக்கிடலாம்தானே?”

“மருந்துப் பெட்டி நனையாதோ? வெயில் எண்டா புழுதி. வளைவுக்கு அங்காலதான் காவல் பொயின்ற் இருந்தது, இதில நிண்டா அவைக்குத் தெரியாது. இப்ப வெள்ளம் ஏறினபடியா பொயின்ற்றை இங்கால தள்ளிப் போட்டிருக்கினம். நானாவுக்கு அது தெரியாது.”

காவலில் நின்றவன் கண்டது எனக்கும் தெரிந்தது. கொட்டுகிற மழைக்குள் ஒரு வாகனம் பாதிவழியில் நிற்கிறது. ஒருவர் இறங்கிச் சுற்றி ஓடுகிறார். பின்கதவைத் திறந்து குனிந்து எதையோ சுற்றுகிறார்.

“ஏன் இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே அண்ணை” என்றான் குணம்.

நான்தான் கேட்டேனே. கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்கவில்லை.

அறிக்கை எழுத வேண்டியவன் நான். மிஸ் என்னைக் கூப்பிட்டார். “றேடியோ அறையில இருக்கிற ஆள் வேலையை விட்டுப் போறார். லத்தீப்பை அதில இருத்தலாம் எண்டு யோசிக்கிறன். கால் ஏலாட்டிலும் இருந்து செய்யலாம். அவருக்கும் அதுதான் விருப்பம். ஆனா விதியை மீறிக் காயப்பட்டவரை வைச்சிருக்க மேலிடம் விடாது. அவர் ஏன் அதில நிப்பாட்டினவர் எண்டதுதான் கேள்வி. உங்கட அறிக்கையிலதான் எல்லாம் இருக்கு.”

இரண்டு நாள் எழுதினேன். முதல் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஓட்டுநர் பவர் ஷட்டர் கேட்டார், நான் மறுத்தேன், தனியே அனுப்பினேன், தனியே போகிறவருக்கு இறங்கிச் சுற்றுவதைத் தவிர வழியில்லை. எழுதி முடித்ததும் கழுத்தில் கிடந்த அட்டை ஞாபகம் வந்தது. இதை வாசித்தால் வேலை போகும். வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அந்த அறையில் தனியே இருக்கிற என்னை ஒரு நாள் விடிய யாராவது கூட்டிக்கொண்டு போனால், தேடுவதற்கு இந்த ஊரில் ஓர் ஆளில்லை. அந்தத் தாளைக் கிழித்தேன். இரண்டாம் தாளில் இப்படி எழுதினேன்: வாகனம் நல்ல நிலையில் இருந்தது. கதவுகளும் ஷட்டர்களும் சரியாக இயங்கின. இடைவழியில் நிறுத்தி இறங்கியதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. குணமும் வாய் திறக்க மாட்டான், அவனும் அதே விதியை மீறிக்கொண்டிருந்தவன்.

மிஸ்ஸின் சட்டப்படி அதை நானாவின் கட்டிலருகே நின்று வாசித்தேன். மிஸ் கால்மாட்டில் நின்றார். ஆஸ்பத்திரியின் அவ்வளவு சத்தத்துக்குள்ளும் எனக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது. நானா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஷட்டர்கள் சரியாக இயங்கின என்ற வரி வந்தபோது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அடுத்த வரியில் வரும் என்று காத்திருப்பவர்போலப் பார்த்தார். அடுத்த வரியில் ஒன்றும் வரவில்லை.

“லத்தீப், உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?” என்று மிஸ் கேட்டார்.

“இல்ல மிஸ்” என்றார். நானா பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

மேலிடம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. றேடியோ அறைக்கு யாரோ ஒருவர் தற்காலிகமாக வந்தார். நான் பழைய ஜீப்பின் பின்படியில் தனியே இருந்து சாப்பிட்டேன். கடைச் சோற்றைத் திட்டுவதற்கு ஆளில்லை. சில நாட்களில் காலையில் காவலாளியிடம் சாவி கேட்டதுதான் அன்றைய என் முழுப் பேச்சு. கனடாவிலிருந்து மனைவி தொலைபேசியில் என்ன புதினம் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பேன். அவளுக்கும் இதைச் சொல்லவில்லை. எழுதிக் கிழித்த முதல் தாள் வரி வரியாக எனக்கு மனப்பாடமாக இருந்தது.

அடுத்த மாரிக்கு முன்னால் இன்னொரு ஜீப் தருவதாகக் கடிதம் வந்தது. அதே புத்தகம், அதே மூன்று தரம். இந்தத் தடவை தோழன் வேண்டும் என்று எழுதிக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“ஷட்டர் மோட்டர் உப்புத்தண்ணியில பழுதாகும் எண்டு போன தரம் நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“பழுதாகும்தான் மிஸ்.”

“பிறகேன் இது?”

என்ன சாட்டாவது சொல்லியிருக்கலாம். பொய் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல ஏலவில்லை. தனியே போகிறவன் இருந்த இடத்திலிருந்தே நாலையும் இறக்கலாம் என்று தொடங்கினேன். தொடங்கினால் எல்லாம் வந்தது. மிஸ் யன்னலிலிருந்து பார்வையை எடுத்து என் முகத்தைப் பார்த்தார்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“ஜீப்பை எடுக்கப் போன அண்டைக்கே தெரியும் மிஸ்.”

“லத்தீப் இந்த ஷட்டரைக் கேட்டவரோ?”

“ஓம். ஜீப் வாங்க முதலே கேட்டவர்.”

நான் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். மிஸ் அதை எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. “இப்ப சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ. அவற்ற வீட்டை போய் அவருக்கு முன்னால வாசியுங்கோ. நான் வரமாட்டன்” என்றார். நான் கதவடிக்குப் போனதும், “அட்டையை விட்டுட்டுப் போறீங்கள், வழியில மறிப்பினம்” என்றார். என்னை வேலையால் நிறுத்தவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

கிண்ணியாவில் நானாவின் வீட்டில் கதிரை போட்டு இருத்தினார்கள். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே இருந்தார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வாசித்தேன். அவர் கடைசி வரை அசையாமல் கேட்டார்.

“முடிஞ்சிட்டா?”

“ஓம் நானா.”

“அண்டைக்கி ஆஸ்பத்திரியில நீங்க இத வாசிப்பீங்க எண்டு பாத்துக்கிட்டுக் கிடந்தன் தம்பி. மிஸ் முதல் நாள் தனிய வந்து ஏன் நிப்பாட்டின எண்டு கேட்டாங்க. நானே சொல்லியிருக்கலாம். தம்பி எழுதிக்கிட்டு வருவாரு, நாம முந்திக்கிட்டுச் சொன்னா அவரக் காட்டிக் குடுத்த மாதிரிப் போயிரும் எண்டு வாயப் பொத்திக்கிட்டன்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா” என்றேன்.

“தேத்தண்ணி ஆறுது. குடிங்க” என்றார்.

மிஸ் மேலிடத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி அவரை றேடியோ அறைக்கு எடுத்தார். என் பட்டறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நானா காலையில் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வருவார். குணத்தோடு பகிடி விடுவார். காவலாளியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தார். அவர் சிரிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். என்னிடம் ஏதாவது தேவையென்றால் ஒரு துண்டில் எழுதி அனுப்புவார். எதிர்ப்பட்டால் தலையை மெல்ல அசைப்பார். மத்தியானச் சாப்பாடு உள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். ஒரு நாள் மீன் பொரியல் வாசம் வந்தது. நான் எழுந்து துறைமுகப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு வாகனமும் காவலரண் ஒன்றை நெருங்கும்போது றேடியோ அறையைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். றேடியோவில் பெயர் கூடாது, ஆளுக்கொரு இலக்கம்தான். நானா வந்த பிறகு தானாக ஒரு கேள்வியைச் சேர்த்தார். நாலு ஷட்டரும் இறங்கிட்டா என்று கேட்பார். இறங்கிட்டுது என்ற பதில் வரும்வரை மேலே போக விடமாட்டார். எல்லா ஓட்டுநர்களிடமும் அதே கேள்வி, அதே குரல்.

என் இலக்கம் ஏழு. புது ஜீப்பைச் சோதிக்க வேண்டும், பிறேக் சத்தம் கேட்கிறது என்று ஏதாவது சாட்டுச் சொல்லி நானே சில ஓட்டங்கள் போகத் தொடங்கினேன். வேறு எதற்குமில்லை, அந்தக் குரல் என்னோடு பேசுவதைக் கேட்பதற்குத்தான். கட்டைபறிச்சானுக்கு அப்பால் அதே வளைவுக்கு ஒரு நாள் மழைக்குள் தனியே போனேன். நிறுத்தாமல் ஜீப்பை ஊர விட்டபடி றேடியோவில் ஏழு என்று கூப்பிட்டேன்.

“ஏழு, நாலு ஷட்டரும் இறங்கிட்டா? ஓவர்.”

சுவிட்சுகள் நாலையும் அழுத்தினேன். நாலும் ஒன்றாக இறங்கின. நாலு பக்கத்தாலும் மழை உள்ளே அடித்தது.

“இறங்கிட்டுது நானா” என்றேன். வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றுதான் சொன்னேன்.

றேடியோ கொஞ்ச நேரம் இரைந்துகொண்டு கிடந்தது. காவலரணில் ஒருவன் எழுந்து நின்று என்னைப் பார்த்தான்.

“றேடியோவில முறை சொல்லிக் கதைக்கப்படாது. இறங்கிட்டா, இல்லையா? ஓவர்.”

“இறங்கிட்டுது. ஓவர்.”

“சரி, போகலாம். ஓவர்” என்றார் நானா. நான் நனைந்துகொண்டு தடைக் கோட்டுவரை மெதுவாக ஓட்டிப் போனேன்.